சிவப்பு வயர்

கணவன் தவறிப்போய் மூன்று மாதம். அவனுடைய சிந்தசைசர் இசை இயந்திரத்தை அன்றும் ஒரே சுருதியில் பாடவிட்டிருந்தாள்.

"வாங்குற ஆள் கீழ நிக்கிறாரு, அணைம்மா," என்றார் அவன் அண்ணன்.

"விக்க மாட்டேன்."

எந்தச் சுருதியில் பாடவேண்டும் என்று கட்டளை அனுப்பும் சிவப்பு வயரை அவரே பிடுங்கினார். சுருதி விழுந்திருக்க வேண்டும், ஆனால் இம்மிகூட இறங்கவில்லை. பிளக்கையும் பிடுங்கினார். இயந்திரத்தின் விளக்குகள் அணைந்தன. ஸ்பீக்கரில் சுருதி அப்படியே ஒலித்துக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"நான் ஒண்ணும் பண்ணலை. உங்க தம்பிகிட்ட கேளுங்க."

உயிரோடு இருந்தவரை அண்ணன் பேச்சைத் தட்டாத மனுஷன் அவன். அந்தப் பழக்கத்தில் அவர் இயந்திரத்தைப் பார்த்து அதட்டினார்: "நிறுத்துடா!"

சுருதி ஒரு ஸ்தாயி மேலே ஏறியது.

அவள் எழுந்துபோய் ஸ்பீக்கரின் சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.