கொணரியின் வால்

ஒரு கணினி நிரல்மொழியின் நூலகத்தில் கொணரி என்னும் சிறு நிரல் இருந்தது. கேட்பவர்க்கெல்லாம் பெயர்களை எடுத்துத் தருவதே அதன் பணி. ஒவ்வொரு பெயரின் முடிவிலும் ஒரு வெற்றிடத்தை வால்போல் ஒட்டிவிடுவது அதன் குறை.

மொழியைப் பராமரிப்போர் ஒருநாள் அந்த வாலை நீக்கினார்கள். கொணரி பூரித்துப்போயிற்று. அதற்குள், தேர்வு நுழைவுச்சீட்டு அச்சிடும் அச்சடிப்பான் என்னும் பழைய நிரல் சீறிக்கொண்டு வந்தது.

"என்ன செய்து தொலைத்தாய்? இளவழகன் 'இளவழக' ஆகிவிட்டான். பூங்குழலி 'பூங்குழ' ஆகிவிட்டாள்! நாளை இவர்களைத் தேர்வறைக்குள் யார் விடுவார்?"

"நான் சரியாகத்தானே தந்தேன், அண்ணா?"

"அதுதானே குற்றம்! உன் வாலுக்காகவே இத்தனை ஆண்டுகளாகப் பெயரின் கடைசி இடத்தை நறுக்கி வருகிறேன். இப்போது வாலுக்குப் பதில் எழுத்து அறுபடுகிறது."

"என் குறையை என்னிடம் சொல்லியிருக்கலாமே!"

"குறையென்று யார் கண்டது? உன் குணமென்றல்லவா நினைத்தேன்!"

"அப்படியானால் நறுக்குவதை நிறுத்துங்களேன்."

"என்னை எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்டார். எனக்குள் கைவைக்க வேறெவருக்கும் துணிவில்லை."

பராமரிப்போர் தலையில் அடித்துக்கொண்டு வாலை மீண்டும் ஒட்டினார்கள். நுழைவுச்சீட்டுகள் முழுப் பெயர்களோடு வெளிவந்தன.

மறுவாரம் புதிய நிரலொன்று வந்து சேர்ந்தது. முதல் பெயரை வாங்கியதுமே முகம் சுளித்தது.

"இதென்ன அசிங்கமாக ஒரு வால்? இதைத் திருத்தக்கூட இங்கே ஆளில்லையா?"

கொணரி வாய் திறக்குமுன் அச்சடிப்பான் அவசரமாக முந்திக்கொண்டது.

"அது அவன் குணம், தம்பி. நீயும் நறுக்கப் பழகிக்கொள்."