ஆணி கிழித்த சட்டை

1942 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோ, நிஸ்கா தெரு, மூன்றாம் மாடியில் ஓர் அறை. குழந்தை பிறந்து எட்டாம் நாள்.

"பேரு முடிவாச்சா, இல்ல இன்னும் இழுபறிதானா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டெல் உள்ளே வந்தாள். பக்கத்து அறைக்காரி. கையில் ஒரு குவளைத் தேநீர். விருத்தசேதனம் செய்து பெயரிடும் சடங்குக்குத் திராட்சை ரசம் கிடையாது; இதுதான். "சாக்கரின் ரெண்டு வில்லை போட்டிருக்கேன். இன்னும் இனிப்பு வேணும்னா கடவுளே இறங்கி வந்து போடட்டும்."

"ஆன்ஷெல்," என்றார் குழந்தையின் தாத்தா கெட்ஸல். "எங்கப்பா பேரு."

"ஆன்ஷெல்னு ஜன்னல்ல நின்னு கூப்பிட்டா, தெருவுல போற கிழவனெல்லாம் திரும்பிப் பார்ப்பான் மாமா." கயிற்றில் தொங்கிய போர்வைக்குப் பின்னாலிருந்து மருமகள் பெய்லாவின் குரல்.

"பார்க்கட்டுமே. இவன் அவங்களைவிட அழகன்."

"எங்க அழகு? இப்பவே உங்களை மாதிரி வழுக்கை."

கிட்டெல் சிரித்தாள். "பேசாம அவங்கப்பன் பேரையே வெச்சிடலாம். நப்தாலி! நல்ல பேரு..." சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று முறை துப்பினாள். உயிரோடு இருக்கிறவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பது யூதர்களிடம் இல்லை; அது அவரைப் புதைப்பதற்குச் சமம். "என் வாயில மண்ணு விழ! நூத்தியிருபது வருஷம் இருப்பான் அவன்."

"அதனாலென்ன அக்கா," என்றாள் பெய்லா.

கெட்ஸல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடி போன இடத்தில் அட்டை அடித்திருந்தது. பார்க்க ஒன்றுமில்லை.

அவருடைய ஒரே மகன் நப்தாலி. ஏப்ரலில் அவனை வேலை முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். நவம்பர் தொடக்கத்தில், அதே முகாமிலிருந்து திரும்பிய ஒருவன் கெட்ஸலைத் தெருமுனையில் ஓரமாக அழைத்துச் சொன்னான்: காய்ச்சல், இரண்டே நாள், போன வாரம்தான்; குழி வெட்டியவர்களில் தானும் ஒருவன்.

பெய்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம். சொல்லக் கூடாது என்று கெட்ஸல் அங்கேயே முடிவு செய்துவிட்டார். இப்போது குழந்தையும் வந்துவிட்டது. நாளுக்கு ஒரு கைப்பிடி ரொட்டியில் ஊறுகிற பால். இந்தச் சேதி காதில் விழுந்தால் ஒரே நாளில் வற்றிவிடும். வேறு பாலுக்கு எங்கே போவது?

ஆனாலும் மனம் கேட்கவில்லை. நப்தாலி என்ற பெயரைத் தாங்க இந்த ஒரு குழந்தைதான் உண்டு. ஆன்ஷெல் என்று வைத்தால் மகனின் பெயர் மகனோடு போயிற்று. எட்டு நாளாக இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தார். கடைசியில் பால் ஜெயித்தது.

"மாமா, பிள்ளையை மடியில வாங்கப்போறது நீங்க. நான் தெச்சுக் கொடுத்த சட்டையைத்தானே போட்டிருக்கீங்க?"

"அதேதான். ஒரு மாசம் இழுத்தடிச்சுக் கொடுத்தியே, அது."

"ஒரு நாள் சாயங்காலம் கிழிசலோட வந்து நின்னு, ஆணி கிழிச்சிடுச்சுன்னீங்க. நூல் கிடைக்க வேண்டாமா?"

"கேட்டீங்களா கூத்தை!" என்றாள் கிட்டெல். "தையல் பட்டறையில வேலை பார்க்கிறவளுக்கு நூல் பஞ்சமாம்!"

அந்தத் தாமதம் கெட்ஸலுக்கு வசதியாகத்தான் இருந்தது.

விருத்தசேதனம் செய்யும் ஷ்மெர்ல் வந்து சேர்ந்தார். பின்னாலேயே மாடிப்படியில் அகப்பட்ட ஆண்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். விரல்கள் விறைக்காமலிருக்க ஷ்மெர்ல் கைகளை ஊதித் தேய்த்துக்கொண்டார்.

"பேரு?"

"ஆன்ஷெல்," என்றார் கெட்ஸல்.

கிட்டெல் குழந்தையை வாங்கிவரப் போர்வைக்குப் பின்னால் போனாள். வழக்கத்தைவிடச் சற்று நேரமானது. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை. குழந்தையைக் கெட்ஸலின் மடியில் வைத்துவிட்டு, ஷ்மெர்லின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கெட்ஸலை ஒருமுறை பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

குழந்தை வீறிட்டது. ஷ்மெர்ல் தேநீர்க் குவளையை உயர்த்தி ஆசி சொன்னார். வார்த்தைகள் ஓடிக்கொண்டே வந்து பெயரிடம் நின்றன.

"இஸ்ரவேலில் இவன் பெயர், நப்தாலியின் மகன் நப்தாலி."

சுவரோரம் நின்றவர்கள் தலைகுனிந்தார்கள்.

"பிள்ளையைக் கொடுத்தனுப்புங்க மாமா," என்றது போர்வைக்குப் பின்னாலிருந்த குரல். "பயப்படாதீங்க, பால் நிக்கல. நவம்பர்லயே பட்டறையில எனக்குச் சேதி வந்துடுச்சு; உங்களுக்குத்தான் யாராவது சொல்லணுமேன்னு நினைச்சேன். அன்னிக்குச் சாயங்காலம் பார்த்தா, நீங்களே தெரிஞ்சுக்கிட்டு வந்து நின்னீங்க."

கெட்ஸலின் கை கோட்டுக்குள் போய்ச் சட்டையின் வலப்புறத் தையலைத் தொட்டது. ஆணி எதுவும் கிழிக்கவில்லை. மகனின் சாவுச் சேதி கேட்ட தகப்பன் செய்ய வேண்டியபடி, தெருமுனையில் நின்று அவரே கிழித்த இடம் அது. அப்படிக் கிழித்ததை முப்பது நாள் முடியும்வரை தைத்து மூடக் கூடாது.

பெய்லா முப்பத்தோராம் நாள் தைத்துக் கொடுத்திருந்தாள்.