முதல் சுற்று

"இன்னொரு தடவை சீட்டுக் குலுக்கிப் பார்க்க முடியாதாண்ணா?"

ரவிசங்கர் இதைக் கேட்பது அந்த வெள்ளிக்கிழமை மாலையில் மூன்றாவது முறை. மவுண்ட் ரோஸ்கில் டென்னிஸ் திடலின் கம்பி வேலியில், தமிழர் டென்னிஸ் குழுவின் ஆண்டுப் போட்டிக்கான அட்டவணை கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. மகளிர் ஒற்றையர் பிரிவு, முதல் சுற்று, முதல் ஆட்டம்: பூங்கோதை எதிர் ஸ்ருதி.

பூங்கோதை அவருடைய மனைவி. ஸ்ருதி அவர்களுடைய ஒரே மகள்.

"எல்லாரும் வாசிச்சிட்டினம், தம்பி. இனி மாத்தேலாது," என்றார் குழுவின் செயலாளர் குணசீலன். யாழ்ப்பாணத்துக்காரரான அவர், பென்ரோஸ் பகுதியில் ஒரு சரக்குக் கிடங்கின் மேற்பார்வையாளர். தாயும் மகளும் இரட்டையர் ஆட்டத்தில் ஒரே அணியாக ஆடிய ஆறு ஆண்டுகளும், ரவிசங்கருக்குப் பக்கத்தில் அமர்ந்து கைதட்டியவர். அந்த அணிக்குக் கைதட்டிய இந்த இரு ஆண்களைத் தவிர வேறு ரசிகர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அணி கலைந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. மருந்தியல் படிப்பை இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டு, விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்தாள் ஸ்ருதி. மருத்துவமனையில் மருந்தாளுநராகப் பணிபுரியும் பூங்கோதையால் அதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. படிப்பை முடிக்காமல் இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மகள் அன்றே பாபடோயிட்டோய் என்னும் புறநகரில் இரண்டு தோழியருடன் வாடகை வீட்டுக்குக் குடிபோனாள். அதன் பிறகு இருவருக்கும் இடையே ஒரு சொல் கிடையாது. தாய் சனிக்கிழமை ஆடினால், மகள் ஞாயிற்றுக்கிழமை ஆட வருவாள். இரண்டு நாட்களும் தவறாமல் திடலுக்கு வந்தவர் ரவிசங்கர் ஒருவரே.

தோற்பவர் மறுபடி இந்தத் திடலுக்கு வரமாட்டார் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. வீடு ஏற்கெனவே போயிற்று. இருவரையும் இணைத்து வைத்திருக்கும் இந்த ஓரிடமும் போய்விட்டால், பிறகு எங்கே கொண்டுபோய்ச் சேர்த்து வைப்பது?

அன்றிரவு, முழங்கால் வலி என்று சொல்லிப் போட்டியிலிருந்து விலகிக்கொள்ளலாமே என்று மனைவியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பூங்கோதை நிமிரவில்லை.

"என் முட்டி நல்லாத்தான் இருக்கு."

மகளைத் தொலைபேசியில் அழைத்தும் அதையே வேண்டினார். "நோ அப்பா. ஐ'ம் பிளேயிங்," என்ற பதிலுடன் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஒருவரை ஒருவர் தோற்கடித்தே தீர்வது என்று இரண்டு பேரும் கங்கணம் கட்டிக்கொண்டிருப்பதாக அவர் எண்ணினார்.

ஞாயிறு காலை, பெஞ்சுக்கும் வாயிற்கதவுக்கும் இடையே அவர் எத்தனை முறை நடந்தார் என்பது அவருக்கே தெரியாது. மனைவியின் பக்கம் அமர்ந்தால் மகள் வருந்துவாள். மகளின் பக்கம் அமர்ந்தால் வீட்டுக்குத் திரும்ப முடியாது. ஒருவழியாக, வலைக்கு நேரே குணசீலனின் அருகில் அமர்ந்தார்.

இங்கே நடுவர் கிடையாது. பந்து போடுபவர்தான் புள்ளிக்கணக்கை உரக்கச் சொல்ல வேண்டும். அவரவர் பக்கம் விழும் பந்துக்கு அவரவரே தீர்ப்பும் சொல்ல வேண்டும். ஆகவே, நான்கு மாதங்களுக்குப் பிறகு பூங்கோதை தம் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை, "ஃபிஃப்டீன் லவ்" என்பதாக அமைந்தது.

குணசீலன் இருவருக்கும் கைதட்டினார். ரவிசங்கரால் ஒருவருக்கும் தட்ட முடியவில்லை. கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இருவரும் ஆளுக்கு நான்கு கேம் வென்றிருந்த நேரம். ஸ்ருதி ஓங்கி அடித்த பந்து, தாயின் பக்கத்துக் கோட்டருகே விழுந்தது. பூங்கோதை குனிந்து அந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இன்," என்றார். புள்ளி மகளுக்கு.

"அவுட், மா. நான் பாத்தேன்," என்றாள் ஸ்ருதி.

"என் பக்கம் விழுந்த பந்து. நான் சொல்றதுதான் கணக்கு."

"இட் வாஸ் அவுட், மா."

இருவரும் வலையை நோக்கி நடந்தார்கள். ரவிசங்கர் பதறி எழுந்தார்.

"சண்டை ஆரம்பிச்சிருச்சுண்ணா. நான் போய் நிறுத்தறேன்."

குணசீலன் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். "இருங்கோ, தம்பி. அவை கதைக்கட்டும்."

வலையின் இரு புறமும் நின்று அவர்கள் பேசியது காற்றில் கேட்கவில்லை. சற்று நேரத்தில் பூங்கோதை கை நீட்டி மகளின் மட்டையை வாங்கினார். அதன் கைப்பிடியில் தளர்ந்திருந்த நாடாவைப் பிரித்து, மறுபடி இறுக்கிச் சுற்றத் தொடங்கினார். ஸ்ருதி மணிக்கட்டுப் பட்டையால் கண்களைத் துடைத்தபடி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆயினும் எவரும் அவசரப்படுத்தவில்லை.

ஆட்டத்தில் யார் முன்னிலை என்பதே ரவிசங்கருக்கு மறந்துவிட்டது.

"இந்தச் சீட்டை நான் எவ்வளவு திட்டினேன். பதினாறு பேர்ல சரியா இவங்க ரெண்டு பேரும் எதிரெதிரா விழணும்னா, அது கடவுள் குலுக்கின சீட்டுதாண்ணா."

குணசீலன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"நான் சீட்டுக் குலுக்கவே இல்லை, தம்பி. தன்னை மகளோட போடச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை உங்கட மனுசி வந்து கேட்டவ. புதன்கிழமை மகள் வந்து, 'அங்கிள், என்னை அம்மாவோட போடுங்க, ஆனா அவங்களுக்குத் தெரியக்கூடாது' எண்டு அழுதவள்."