முப்பத்தொன்றாம் எண்

"முப்பத்தொண்ணைத் தூக்கிடலாம் மேடம். இது மனுஷனே இல்லை."

புள்ளியியல் துறைக்காரருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். எந்தத் துறை ஆய்வை அவரிடம் கொண்டுபோனாலும், எந்த வரியை வெட்டலாம் என்றுதான் முதலில் பார்ப்பார். அவர் வெட்டியதில் இதுவரை எதுவும் பிசகியதில்லை. அந்தப் பெருமை நடையிலேயே தெரியும்.

உடலியல் துறைக்குத் தலைமை வகிக்கும் மேடம் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குள் பக்கம் போயாக வேண்டும்.

பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறைகள் இந்த ஆண்டு கண்டறிந்ததையெல்லாம் ஒரே தொகுப்பாக அச்சடிக்கிறார்கள். விலங்கியலில் ஒரு புதுத் தவளை. இயற்பியலில் கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்றை எடைபோட்டுவிட்டார்கள். உடலியலின் பக்கம் மட்டும் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. அதை நம்பி மூன்று ஆய்வு மாணவிகள் பட்டத்துக்குக் காத்திருந்தார்கள்.

நான்கு வருட வேலை அது. ஆள் பிடிப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால் மாணவர், எழுத்தர், காவலாளி என்று அகப்பட்டவர் கையிலெல்லாம் வாட்சைக் கட்டிவிட்டார்கள். மொத்தம் நாற்பது பேர். ஆளுக்கு இரண்டு வாரம்.

வாட்ச் இரவுத் தூக்கத்தை அளக்கும், எடுத்துவைக்கும் அடிகளையும் எண்ணும். காலை ஒன்பது மணிக்கு அதில் ஒரு விளக்கு எரியும். எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும்.

இரவு தூங்காதவர் தாமதமாக அழுத்துவார் என்பதுதான் முடிவு. முப்பத்தொன்பது பேர் அதற்குச் சாட்சி சொன்னார்கள்.

முப்பத்தொன்று மட்டும் குறுக்கே படுத்துக் கிடந்தது. அது உள்ளே இருக்கும்வரை முடிவு நிற்காது.

யார் அது என்று கத்திரிக்குத் தெரியாது. அவரிடம் வருவதெல்லாம் எண்கள்தான். பெயரும் கிடையாது, தேதியும் கிடையாது. பெயர்ப் பட்டியல் மேடத்திடம் பூட்டிக் கிடந்தது.

"நீங்களே பாருங்க. ஒன்பது ராத்திரி. எல்லாத்தையும் கூட்டினாலும் நாலு மணி நேரத் தூக்கம் தேறாது. ஆனா காலையில பொத்தானை அழுத்தறதுல இந்த ஆள்தான் முதல். ஒரு நாள்கூடத் தடுமாறலை."

"அப்படி இருக்க முடியாதா?"

"ஆந்தைக்கு முடியும். ஆந்தை கையிலயும் வாட்ச் கட்டினீங்களா என்ன?"

அவருடைய நகைச்சுவைக்கு அவரே சிரித்துக்கொண்டார்.

"நடந்த கணக்கு இன்னும் வேடிக்கை. ராத்திரி மணிக்கொரு தடவை நாற்பத்தொரு அடி போகுது, நாற்பத்தொரு அடி திரும்பி வருது. ஒன்பது ராத்திரியும் அச்சு மாறலை. எந்த மனுஷன் இப்படி நடப்பான்? பத்தாம் நாள் பார்த்தா, பகல்ல ஆரம்பிச்சு பதினாலு மணி நேரம் ஒரே தூக்கம். வாட்ச் தானா கெட்டு, தானா சரியாயிடுச்சு."

மேடம் குனிந்து அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதோ பழைய கடிதத்தைப் படிப்பதுபோல இருந்தது அது. கத்திரி கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால்.

மேடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாருடைய வரியை வெட்டுவதானாலும் அவரைக் கூப்பிட்டு, அந்த நாட்களில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கத்திரிக்கு அது வீண் வேலை. எண்ணிடம் போய் யாராவது சுகம் விசாரிப்பார்களா?

"உங்க சட்டப்படி ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்களேன்."

"கேட்டாச்சு."

"என்ன சொல்றாங்க?"

"அவங்களுக்கே நம்ப முடியலையாம்."

"அப்புறம் என்ன மேடம்?"

மேடம் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வெட்டுங்க சார்."

ஒரு சொடுக்கு. நாற்பது முப்பத்தொன்பதாயிற்று. மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்த கோடு நூல் பிடித்தாற்போல நிமிர்ந்தது. காரணம் கேட்ட கட்டத்தில் 'கருவிக் கோளாறு' என்று அடித்தார் கத்திரி. பக்கம் அச்சுக்குப் போயிற்று.

"மூணு பிள்ளைங்களும் பிழைச்சாங்க" என்று சோம்பல் முறித்தார். "அந்த வாட்ச் கம்பெனிக்காரனை ஒரு பிடி பிடிக்கணும்."

"வேண்டாம். வாட்ச் நல்லாத்தான் இருந்தது. ஒரே ஒரு அடியைத்தான் விட்டிருக்கு."

மேடம் கதவருகில் போய்விட்டிருந்தார்.

"அவர் கட்டில்லேர்ந்து நர்ஸ் மேசைக்கு நாற்பத்திரண்டு அடி."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

கத்திரி தூக்கிய கையை இறக்கவில்லை.

போன வருடம் துக்கம் விசாரிக்க அவரும்தான் அந்த வீட்டுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மேடத்தின் கணவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மேடத்தைக் காணவில்லை. அக்கா உள்ளே தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று தங்கை வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, 'புருஷன் இப்படிக் கிடக்கும்போது எப்படித்தான் தூக்கம் வருதோ' என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கேட்டது கத்திரிதான்.