மறுக்க வருவாய் என்று

அந்த ஏரிப் பறவைகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், பறந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் மறுக்க வேண்டும். அதனால் கரையிலிருந்த கருவேல மரத்தில் எப்போதும் ஒரே சத்தம்.

பிறகு ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு தொடுதிரை வந்தது. அதில் பச்சைப் பொத்தானைக் கொத்தினால் சரி, சிவப்பைக் கொத்தினால் வேண்டாம். எண்ணி முடிக்கும் வேலையைத் திரையே பார்த்துக்கொண்டது. மரம் காலியானது.

ஏரி வற்றிய கோடையில், "இங்கிருந்து போய்விடலாமா?" என்று திரை கேட்டது. கேட்ட சூட்டிலேயே முடிவும் வந்தது. போகலாம்.

பொழுது சாயும்போது நாரை பழைய கிளையில் போய் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் நீர்க்காகமும் வந்து எதிர்க்கிளையில் அமர்ந்தது.

"நீ எதைக் கொத்தினே?" என்றது நீர்க்காகம்.

"தாகத்துல பச்சையைக் கொத்திட்டேன். நீ மறுக்க வருவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"நானும் பச்சைதான். நீ வருவேன்னுதான் இருந்தேன்."

அவற்றின் தலைக்கு மேலே முதல் கூட்டம் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் அது மறையும்வரை பார்த்தன.

நீர்க்காகம் பறந்து வந்து நாரையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தது.

"நான் மறுக்கிறேன்" என்றது.