எதிர் நாற்காலி

கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. புது பிரேமை மாட்டிப் பார்க்கப் பழையதைக் கழற்ற வேண்டும். கழற்றினால் நிலைக்கண்ணாடியில் தன் முகமே கலங்கலாகத்தான் தெரியும். தபால்காரருக்கு அந்தக் கவலை இருந்ததே இல்லை. மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஆந்தை மாதிரி இருக்கு, அடுத்ததை மாட்டுங்க" என்பாள்.

அவள் போய்ச் சேர்ந்தபின் இதுதான் முதல் கண்ணாடி. கடைக்காரர் சொன்னபடி, ஒவ்வொரு பிரேமாக மாட்டி, கையை நீட்டி, செல்போனில் தன்னைத்தானே படமெடுத்தார். பிறகு பழைய கண்ணாடியைப் போட்டுப் படங்களைத் தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் மூக்குதான் முந்திக்கொண்டு நின்றது.

கடைசிப் படத்தில் மட்டும் முழங்கால்வரை தெரிந்தார். நீட்டிய கையும் அதிலிருந்த செல்போனும்கூடப் படத்துக்குள்ளேயே இருந்தன.

"தம்பி, இதை நீங்க எடுத்தீங்களா?"

"இல்லைங்க ஐயா, நான் உள்ள லென்ஸ் தேய்ச்சிட்டிருந்தேன்."

படம் எதிர் நாற்காலியிலிருந்து, உட்கார்ந்தவாக்கில் எடுத்ததுபோல் இருந்தது. பிரேம் அவருக்கு எடுப்பாகவே இருந்தது.

பழைய கண்ணாடியைக் கழற்றி அதே பிரேமை மறுபடி மாட்டிக்கொண்டார். எதிர் நாற்காலி கலங்கலாகத் தெரிந்தது.

"அப்ப இதுவே இருக்கட்டுமா?" என்று அதைப் பார்த்துக் கேட்டார்.

கடை சாத்தும்வரை அவர் பழைய கண்ணாடியை எடுத்துப் போடவில்லை.