டாக்டருக்கு ஏற்ற டிராக்டர்

“எழுபத்தஞ்சு எச்.பி. வண்டிதான் உங்களுக்கு அழகு, டாக்டரய்யா” என்று லொரீன் இளித்தபோது, டிராக்டர் கடையின் விற்பனையாளன் டெல்மர் முகத்தைச் சுளித்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் மாடாய் உழைத்துச் சாப்பிடுகிறவள் இப்படிக் குழைவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

டாக்டர் என்றால் பல் டாக்டர். பெயர் பிரெஸ்காட். அட்லாண்டாவிலிருந்து வந்து, லொரீனின் நாற்பது ஏக்கருக்கு அடுத்தாற்போல் நூற்றறுபது ஏக்கர் வேட்டைக்காடு வாங்கியவர். ஆகஸ்ட் வெயிலில் இஸ்திரி போட்ட வேட்டை உடுப்பும், சேற்றையே பார்க்காத பூட்ஸுமாக டிராக்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். இவரை நேரில் பார்த்தால் மான் சிரித்தே செத்துப்போகும், தோட்டா மிச்சம்.

டெல்மர் உள்ளதைச் சொன்னான். “சார், உங்களுக்கு வேலையே கொஞ்சம்தான். மானுக்குத் தீவனம் விதைக்க நாலு ஏக்கர் உழணும், நடக்கிற வழியில புல்லு வெட்டணும். நாப்பது எச்.பி. தாராளம். பெருசு வாங்கினா மரத்துக்கு நடுவுல நுழையாது.”

“நாப்பதா? என் கிளினிக் வாசல்ல புல்லு வெட்டறவனே நாப்பது வச்சிருக்கான்” என்றார் டாக்டர். ஆனாலும் தாடையைத் தடவினார். நுழையாது என்ற சொல் அவரை யோசிக்க வைத்துவிட்டது.

லொரீன் விடவில்லை. தன் ஓட்டை டிராக்டருக்கு ஒரு கொக்கி ஆணி வாங்க வந்தவள், அதை வாங்கிப் பையில் போட்ட பிறகும் நகரவில்லை.

“நுழையலன்னா வழியை அகலமாக்கிடுங்க ஐயா. இதுக்குப் பின்னால பெரிய புதர்வெட்டியை மாட்டினா முள்ளு, கொடி, இளங்கன்னு ஒண்ணும் நிக்காது. மான் சுட மரத்துல கட்டின மேடையில ஏறி உக்காந்தீங்கன்னா கடைசி வேலி வரைக்கும் பளிச்சுன்னு தெரியும்.”

“அதான் எனக்கும் வேணும். கோல்ஃப் மைதானம் மாதிரி இருக்கணும்.” டாக்டர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். “உன் பக்கம் இருக்கே, அதெல்லாம் ஒரு நிலமா? பத்து நாள் சவரம் பண்ணாத மூஞ்சி மாதிரி. பார்த்தாலே எனக்கு அரிக்குது.”

“என்ன செய்யறது ஐயா. எங்க வண்டியை உதறினா நட்டுதான் கொட்டும்.”

டெல்மருக்குக் காது கூசியது. அவள் கதை ஊருக்கே தெரியும். வீட்டில் ஆறு வாய். இலையுதிர் காலத்தில் சுடுகிற இரண்டு மான்தான் குளிர்காலம் முழுக்க அவர்களுக்குக் கறி. டாக்டர் வந்து தீவனம் விதைத்ததிலிருந்து இரண்டு வருடமாக ஒரு மானும் இவள் பக்கம் கால் வைக்கவில்லை. தின்பதும் கிடப்பதும் எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்தான். அவள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

போன வருடம் பீச் பழக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு போய், “ஒரே ஒரு மான் சுட்டுக்கறேன்” என்று கேட்டாள். டாக்டர் கேக்கை வாங்கிக்கொண்டு ‘உள்ளே வராதே’ பலகையைக் காட்டினார். அந்த மனிதனிடம்தான் இப்போது வாலாட்டிக்கொண்டிருக்கிறாள். சூடு, சொரணை எல்லாம் பசிக்கு முன்னால் எம்மாத்திரம் என்று டெல்மர் கசப்போடு நினைத்துக்கொண்டான்.

எக்கேடாவது கெட்டுப் போ என்று நினைத்தபடி ஆர்டர் தாளை நீட்டினான். ஏ.சி. கேபின் வைத்த எழுபத்தைந்து எச்.பி. வண்டிக்கும், இருப்பதிலேயே பெரிய புதர்வெட்டிக்கும் டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

“இந்த மாசக் கடைசிக்குள்ள மொத்தக் காட்டையும் மொட்டையடிச்சிடறேன்” என்றார். கிளம்பும்போது லொரீன் பக்கம் விரலை ஆட்டினார். “இதைச் சாக்கா வச்சுக்கிட்டு வேட்டைக்கு அனுமதி கேட்டு வந்து நிக்காதே. இந்த வருஷமும் கிடையாது.”

“கேக்கவே மாட்டேன் ஐயா” என்று அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

கார் தெருமுனை தாண்டும்வரை டெல்மர் பொறுத்துக்கொண்டான். அப்புறம் முடியவில்லை.

“வெக்கமா இல்லையா லொரீனக்கா? அந்த ஆள் உங்களை ஒரு மனுஷியாவே மதிக்கல. நீங்க அவனுக்கு ஜால்ரா தட்டறீங்க. ஒரு மானுக்காக இவ்வளவு கீழ இறங்கணுமா?”

அவள் முகத்திலிருந்த இளிப்பு காணாமல் போயிருந்தது.

“நீ மான் வேட்டைக்குப் போயிருக்கியா தம்பி?”

“இல்ல. நான் தூண்டில்காரன். ஏரியை விட்டு வரமாட்டேன்.”

“அதான் உனக்கும் தெரியல, அந்தப் பல்லு புடுங்கிக்கும் தெரியல. மான் வெட்டவெளிக்கு வந்து மேயறது ராத்திரியில. விடிஞ்சா அது ஒளிஞ்சு படுக்கப் புதர் தேடும். சட்டப்படி நாம சுடறது பகல்லதான்.”

டெல்மர் கையெழுத்தான தாளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

லொரீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:

“இனிமே அதுங்களுக்குச் சாப்பாடு அவர் வீட்டுல, தூக்கம் என் வீட்டுல.”